நீலம் வராத குடுவை

சொட்டு விட்டு, மணிக்கட்டை மட்டும் சுழற்றி, குடுவையைத் தூக்கிப் பார்க்கிறார் செல்லத்தாய். சுவரில் நாலு ஊசி குத்தி மாட்டியிருக்கும் வெள்ளைப் பனியன் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் தண்ணீர் பீட்ரூட் வெந்த தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது. மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு சுழற்று. அது நீலமாகும்வரை அவர் யாரோடும் பேசமாட்டார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் முதல் நாள் போனபோது வணக்கம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நீலம் வந்த பிறகுதான் திரும்பி, "வாங்க சார், எப்ப வந்தீங்க?" என்றார்.

முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை. அதில் செல்லத்தாயின் ஆய்வறை ஒரு சமையலறை அளவுதான். அதன் வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. காலை ஏழு மணிக்கு அதில் அவர் ஓர் எண்ணை எழுத வேண்டும். அன்றைய தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லும் எண் அது. இருபதுக்குக் கீழே இருந்தால் மெஷினில் துணி ஏற்றலாம். மேலே போனால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எண் எழுதாவிட்டால் ஆள், மெஷின், பாய்லர் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவ்வளவு பெரிய பட்டறையின் காலைப்பொழுது இந்தச் சின்ன அறையிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சோதனையை நானும் கல்லூரியில் செய்தவன்தான். செய்தேனே தவிர, ஒரு எழவும் புரிந்ததில்லை. செல்லத்தாய் ஒரே மூச்சில் புரியவைத்தார். "தண்ணியில சுண்ணாம்பு இருக்குல்ல சார், அதை இந்தப் பொடி புடிச்சுக்கிட்டுச் செவப்பா நிக்கும். மேல குழாய்ல இருக்கிறது இ.டி.டி.ஏ. அது நண்டு. சுத்திக் காலைப் போட்டுப் புடிச்சுச்சுன்னா விடாது. பொடி கையில இருக்கிறதைக்கூடப் புடுங்கிரும். கடைசிச் சுண்ணாம்பையும் புடுங்கிட்டா பொடி வெறுங்கையா நிக்கும். அதான் நீலம். எத்தனை சொட்டு நண்டு செலவாச்சோ அத்தனை சுண்ணாம்பு." எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

செல்லத்தாய்க்கு வயது நாற்பத்து நாலு. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கணவரோடு திருப்பூருக்கு வந்து, மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியேறி, முதலில் பனியன் கம்பெனியில் பீஸ் மடித்தார். பிறகு இந்தப் பட்டறையில் கூட்டிப் பெருக்க வந்தார். ஒரு கெமிஸ்ட் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன வாரத்தில், பலகையில் எண் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. யார் எழுதுகிறார்கள் என்று முதலாளி வந்து பார்த்தபோது, துடைப்பத்தைக் கதவோரம் சாத்திவிட்டு இந்த அம்மாள் குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தாராம். படிப்பு எட்டாவது. அதை யாராவது ஞாபகப்படுத்தினால், "தண்ணிக்குத் தெரியவா போகுது?" என்பார்.

அவரிடம் சில கிறுக்குகள் உண்டு. குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தில். எந்தத் தண்ணீரைச் சோதிக்கிறோமோ அதே தண்ணீரில்தான் மூன்று தரம் அலச வேண்டும். அமோனியா கலந்த பாட்டிலைத் திறந்தால் நமக்குக் கண் கரிக்கும். அவரோ மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்து, "இன்னும் வீரியமாத்தான் இருக்கு" என்று மூடிவைப்பார். சுவரில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைத் துணியை யாரும் தொடக் கூடாது. வாரம் ஒரு தரம் அவரே கழற்றித் துவைத்து மாட்டுவார். நான் தெரியாத்தனமாக அதன் ஓரத்தில் கைவைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்க கை எண்ணெய் பட்டா அதுல நீலம் எனக்குப் பொய் சொல்லும் சார். அது துணி இல்ல, என் கண்ணு."

எல்லாவற்றிலும் பெரிய கிறுக்கு கணவர் விஷயத்தில். காசிமாயனும் இதே பட்டறையில்தான் இருக்கிறார். லாரித் தண்ணீரை இறக்குவது, அதை மென்னீராக்கும் சாஃப்ட்னரை ஓட்டுவது, மென்னீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் காலையில் சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவரும் அவரே. இருவரும் ஒரே மொபெட்டில் வருவார்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் யாரோ எவரோ. அவர் இவருக்கு 'வாட்டர் டிபார்ட்மென்ட்'. இவர் அவருக்கு 'லேப்பு'. ஏன் இந்த நாடகம் என்று கேட்டேன். "கேட்டுக்கு உள்ள அவர் தண்ணி குடுக்கிறவரு, நான் பாக்கிறவ. வீட்டுக்காரருன்னு நெனச்சுட்டா கண்ணு ஒருபக்கமாச் சாஞ்சிரும் சார்" என்றார். எனக்கு அப்போது இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

மூன்றாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் உடுப்புக்கான எழுநூறு கிலோ துணி வெளுப்புக்குத் தயாராக டிராலிகளில் நின்றது. வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. அதற்கு முந்தைய இரண்டு நாளும் நல்ல மழை. ஏழு மணிக்குக் காசிமாயன் பாட்டிலை வைத்துவிட்டு, "லேப்பு, சேம்பிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு தெளிந்த தண்ணீரை அந்த மூன்று நாளில் நான் பார்க்கவில்லை.

வழக்கமாக ஏழெட்டுச் சொட்டில் நீலம் வந்துவிடும். அன்று ஒரு மில்லி போனது, இரண்டு போனது, ஐந்து போனது. சிவப்பு அசையவில்லை. பன்னிரண்டாவது மில்லியில் குழாயை மூடினார். முகம் இறுகிவிட்டது. இரண்டாவது குடுவை எடுத்து முதலிலிருந்து செய்தார். அதே சிவப்பு. திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், இந்தக் குடுவையைத் தொட்டீங்களா?"

"இல்லம்மா."

"உண்மையச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

சத்தியம் செய்யாத குறைதான். நம்பினாரா தெரியவில்லை. மூன்றாவது குடுவையை அந்தத் தண்ணீரிலேயே நாலு தரம் அலசினார். அதிலும் நீலம் வரவில்லை.

ஏழரைக்கு டையிங் மாஸ்டர் சிவபிரகாஷ் வந்தார். முப்பத்து நாலு வயது, பொறியியல் படித்தவர், நல்ல மனிதர், அன்றைக்கு அவசரத்தில் இருந்த மனிதர். "அக்கா, போர்டு காலியா இருக்குதுங்க. ஸ்டீம் ஏத்தி அரைமணி நேரமாச்சு."

"நீலம் வரல தம்பி."

அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சோதனைத் தாளை எடுத்துப் பாட்டில் தண்ணீரில் நனைத்தார். தாள் பச்சையாகவே நின்றது. மென்னீர் என்று அர்த்தம். "பாருங்க்கா. சாஃப்ட்டாத்தான் இருக்குதுங்க. உங்க பொடி கெட்டுப்போயிருக்கும்."

செல்லத்தாய் நேற்று மிச்சம் வைத்திருந்த தண்ணீரை எடுத்தார். அதே பொடி, அதே குழாய். எட்டாவது சொட்டில் பளிச்சென்று நீலம் வந்தது. பொடி கெடவில்லை. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு செல்லத்தாய் அலமாரியின் மூலையிலிருந்து, இருமல் மருந்து மாதிரிக் கெட்டியான திரவம் உள்ள ஒரு பாட்டிலை எடுத்தார். புதுக் குடுவையில் இன்றைய தண்ணீர். முதலில் அந்தத் திரவத்தில் கொஞ்சம், பிறகு அமோனியா, பிறகு பொடி. "இதை முன்னாடியே ஊத்தணும் சார். பொடியைப் புடிச்ச பெறகு ஊத்தினா விடாது" என்று எனக்குச் சொன்னார். எட்டாவது சொட்டில் குடுவை நீலமானது. சுவர்த் துணிக்கு முன்னால் பிடித்து ஒருதரம், சன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார். சந்தேகமே இல்லாத நீலம்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "எட்டு. அதைத்தானுங்க நானும் சொன்னேன். எழுதுங்க்கா, ஏத்தறோம்."

"சுண்ணாம்பு எட்டுத்தான் தம்பி. பொடியை இத்தனை நேரம் புடிச்சு வெச்சிருந்தது சுண்ணாம்பு இல்ல. நண்டுக்கே விட்டுக்குடுக்காத வேற உலோகம். இந்த மருந்து அதைத் தனியாக் கட்டிப்போட்டுச்சு, அதான் நீலம் வந்துச்சு. இரும்பா இருந்தா வெளுப்புல துணி என்னாகும்னு உங்களுக்கே தெரியும்."

இழுப்பறையைத் திறந்து ஒரு துணித் துண்டை எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தார். எப்போதோ வேறொரு பட்டறையில் பாழான துணியாம். சும்மா பார்த்தால் வெள்ளைத் துணி. வெளிச்சத்தில் ஊசி முனை ஊசி முனையாக நூறு ஓட்டை. வெளுக்கிற பெராக்சைடு, இரும்பு இருக்கிற இடத்தில் மட்டும் மூர்க்கமாகி நூலையே தின்றுவிடும். ஓட்டை பல சமயம் தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

மாஸ்டரின் குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "சரீங்க்கா. உலோகத்தைப் புடிக்கிற கெமிக்கல் வெளுக்கிற தண்ணியிலயும் போடுறோமல்லங்க. ரெண்டு பங்கு போட்டுடறேன். உங்க நண்டுதானே அதுவும்?"

"எவ்வளவு இருக்குன்னே தெரியாம எத்தனை நண்டை விடுவீங்க?"

"அப்ப எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. ஐயா கேட்டா நான் என்னங்க சொல்றது? தண்ணி எட்டு, ஆனா அக்கா வேண்டாங்கறாங்கன்னா?"

நியாயமான கேள்விதான். செல்லத்தாய் சன்னலில் கொஞ்ச நேரமாக ஆடாமல் நின்ற சேம்பிள் பாட்டிலைத் தூக்கினார். அடியில் ஏதோ இருந்தது. மெல்லச் சாய்த்தார். பிய்த்துப்போட்ட பஞ்சு போல ஒரு மெல்லிய வண்டல் அடியில் புரண்டு எழுந்தது. இலேசான பழுப்பு. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போன இடைவெளியில் நான் கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தார். பிறகு கதவைப் பார்த்தபடி சொன்னார். "எங்க ஊர்ல கம்மாய்த் தண்ணி கலங்கி வந்தா, குடத்துல படிகாரத்தைச் சுத்துவோம் சார். அழுக்கெல்லாம் இப்பிடித்தான் பஞ்சாத் தெரண்டு அடியில உக்காரும். மேல கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு நிக்கும்."

மழைக்குப் பிறகு வந்த லாரித் தண்ணீர் கலங்கலாக வந்திருக்கும். அந்தக் கலங்கல் சாஃப்ட்னரையும் தாண்டித் தொட்டிக்கு வந்திருக்கும். தொட்டிக்குப் பொறுப்பு ஒரே ஓர் ஆள். அவரும் அதே ஊர். ஆனால் மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகாரம் வேறு. இங்கே கழிவுநீரைத் தெளியவைக்க மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பது பழுப்புக் கட்டி. அதில் இரும்பும் கலந்திருக்கும். கழிவுநீருக்கு அது போதும், துணிக்கு அது எமன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானாக இருந்தால் பலகையில் எட்டு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். எட்டு என்பது பொய்யே இல்லை. பலகை கேட்பது கடினத்தன்மையை மட்டும். நாளை ஓட்டை விழுந்தால் நூலைச் சொல்லலாம், மெஷினைச் சொல்லலாம், பெராக்சைடைச் சொல்லலாம். காசிமாயன் பெயர் எங்கும் வராது. அவர் வேலை நிலைக்கும், மண்ணரை வீடு நிலைக்கும். "எட்டுன்னு எழுதிருங்கம்மா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் வாயை நானே அடக்கிக்கொண்டேன்.

செல்லத்தாய் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றார். எழுதவில்லை. குடுவைக்கு முன்னால் நிற்கிற அதே நிற்பு.

அந்த நேரத்தில் முதலாளி சிவசுப்பிரமணியம் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் சின்ன முருகன் படம், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கூடவே மாஸ்டர். அவர்களுக்குப் பின்னால், கூப்பிட்டு அனுப்பியதால் வந்த காசிமாயன், கையில் இரண்டாவது பாட்டிலோடு நின்றார். அதுவும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அவர் நகக்கண்களில் பழுப்பு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். செல்லத்தாயும் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எட்டுன்னு மாஸ்டர் சொல்றாருங்க. பின்ன என்னத்துக்குங்க நிறுத்தி வெச்சிருக்கறீங்க?" என்றார் முதலாளி.

"தண்ணியில படிகாரம் விழுந்திருக்குங்க ஐயா. கழிவுத் தண்ணிக்குப் போடுறது. இந்தத் தண்ணியில வெளுத்தா ஓட்டை விழும்."

"தொட்டிக்குள்ள அது எப்படீங்க விழும்? யாருங்க போட்டது?"

தெரியாது என்று சொல்ல செல்லத்தாய்க்கு இடம் இருந்தது. அவர் கணவரைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. சாக்கட்டியைக் கதவுப் பக்கமாக நீட்டினார்.

"என்னங்க," என்றார். "நீங்களே எழுதிருங்க."

மூன்று நாளில் கேட்டுக்கு உள்ளே அவர் கணவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். மூன்று நாள் என்ன, மாஸ்டர் கண்ணைத் திருப்பிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் இங்கே வேலை பார்க்கும் எட்டு வருடத்தில் அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

காசிமாயன் பாட்டிலைக் கீழே வைத்தார். சாக்கட்டியை வாங்கினார். "கலங்கலா இருந்துச்சுங்க ஐயா. இப்பிடியே குடுத்தா லேப்பு திருப்பி அனுப்பிரும். தெளியட்டும்னு போட்டேன்" என்று பலகையைப் பார்த்தே சொன்னார். பிறகு எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெரிய பெரிய எழுத்து. 'படிகாரம். 12 கிலோ. காசிமாயன்.' கடைசி எழுத்தில் சாக்கட்டி ஒடிந்தது.

முதலாளி அதை இரண்டு தரம் படித்தார். "மாஸ்டர், தொட்டியை இறக்கிக் கழுவிட்டுப் புதுத் தண்ணி ஏத்தச் சொல்லுங்க. துணி சாயங்காலமா ஏறட்டும்." பிறகு காசிமாயன் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வாரம் ஊட்டுல இருங்க. அப்புறம் வேலைக்கு வெச்சுக்கறதா என்னன்னு பாக்கலாமுங்க." இந்த ஊரில் வயிற்றில் அடிப்பதுகூட 'ங்க' போட்டுத்தான். சொல்லிவிட்டு அவர் நடந்தார். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "வரேனுங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

காசிமாயன் நகரவில்லை. கழுத்து வழியாக வேர்வை சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கட்டித் தூளும் பழுப்பும் அப்பிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லத்தாய் உள்ளே போனார். சுவருக்கு முன்னால் நின்று, நாலு ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டார். அந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அவர் கைகளில் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்ளும்படி சாடை காட்டினார்.